உல்லத்தை எண்ணுவது யார் வேலை?

சால்மன் மீனைப் பற்றி அரியலூர் மாவட்டத்துக்காரன் எழுதுகிறான் என்றால் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். பெரம்பலூரில் கல்லூரி, வீடு தா.பழூர் பக்கம். சால்மனை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மீனுக்காக அமெரிக்காக்காரன் கணக்குப் பார்த்த கதையைப் படித்ததிலிருந்து, நம்ம ஊர்க் கொள்ளிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது.

முதலில் அந்தக் கதை. கொலம்பியா என்ற ஆறு. அதிலும் அதன் கிளைகளிலும் வரிசையாக அணைகள். சால்மன் கடலில் வளர்ந்து, தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி ஏறி வந்து முட்டை போடும் மீன். அணை வந்தால் வழி போச்சு. "சரி, மீட்போம்" என்று அரசாங்கம் இறங்கியது. மீன் ஏணி, குஞ்சு பொரிப்பகம், குஞ்சுகளைப் படகிலும் லாரியிலும் ஏற்றிக்கொண்டு போய் அணைக்குக் கீழே விடுவது என்று என்னென்னவோ செய்தார்கள். 2002ல் அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஓர் அறிக்கை கொடுத்தது. பதினொரு மத்திய அரசு அமைப்புகள் இருபது வருடத்தில் 300 கோடி டாலருக்கு மேல் செலவு செய்திருக்கின்றன. வேலைகள் நிறைய நடந்திருக்கின்றன. ஆனால் அந்த வேலைகளால் எத்தனை மீன் கூடியது என்று காட்டப் போதுமான ஆதாரம் இல்லை. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

இதைப் படித்ததும் "அங்கேயும் அப்படித்தானா!" என்று ஓர் அற்ப சந்தோஷம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அங்கே யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார். இங்கே?

இங்கே என்ன மீன் என்கிறீர்களா? உல்லம். வங்காளிகள் உயிரை விடும் இலிஷ், ஆந்திராவில் கோதாவரிப் புலசா எல்லாம் இதே மீன்தான். ஏனாம் பக்கம் புலசா ஒன்று இருபதாயிரம் ரூபாய் வரை ஏலம் போனதாகச் செய்தி வருமே, அதேதான். கடலில் இருந்து, ஆற்றில் புதுவெள்ளம் வந்ததும் எதிர்நீச்சல் போட்டு ஏறி, நல்ல தண்ணீரில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பும். நம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இது வந்துகொண்டிருந்தது. ஜெயங்கொண்டத்தில் மீன் விற்கும் அக்காவிடம் "உல்லம் கிடைக்குமா?" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "அது என்ன தம்பி, கடல் மீனா? கட்லா இருக்கு, ரோகு இருக்கு, ஜிலேபி இருக்கு, எது வேணும்?" என்றார். அவர் சொன்ன மூன்றுமே கொள்ளிடத்தின் சொந்த மீன் இல்லை என்பது தனிக் கதை.

கும்பகோணத்திலிருந்து சென்னை பஸ்ஸில் போகிறவர்களுக்கு அணைக்கரை தெரியும். தெற்கே தஞ்சாவூர் மாவட்டம், வடக்கே எங்கள் அரியலூர் மாவட்டம், நடுவில் கீழணை. (பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாக இருந்தபோது பெரம்பலூருக்கும் கொள்ளிடக்கரை இருந்தது. 2007ல் அரியலூர் மறுபடி தனியானதும் ஆறு முழுவதும் எங்களுக்கே வந்துவிட்டது, வகுப்பு நண்பர்கள் பொறாமைப்பட வேண்டாம்.) ஆர்தர் காட்டன் காலத்தில், 1836ல் கட்டியது. கடலில் இருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீந்தி வரும் உல்லம் முட்டிக்கொள்ளும் முதல் பெரிய சுவர் ரொம்ப காலமாக இதுதான்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இதைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர்களில் காட்டனே ஒருவர். ஆறுகளுக்குக் குறுக்கே கட்டிய அணைக்கட்டுகளால் மீன்வளம் கெடுகிறதோ என்று 1867ல் அவரே கேள்வி எழுப்பினார். அதை ஆராயும் வேலை சென்னை ராணுவ மருத்துவரான பிரான்சிஸ் டே என்பவரிடம் வந்தது. இந்திய மீன்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் இந்தப் பெயரைத் தாண்டிப் போகவே முடியாது. 1873ல் வந்த அவருடைய அறிக்கையில் அணைக்கட்டுகள் உல்லத்தை மறிப்பதும், மீனுக்கு வழி விட வேண்டும் என்பதும் இருக்கின்றன. அதற்குப் பிறகு 24 வருடம் கழித்து 1897ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைக்காதே, விஷம் கலக்காதே, வலைக்கண்ணின் அளவுக்கும் மீன்பிடிக்காத காலத்துக்கும் மாகாண அரசு விதி போடலாம் என்றது. மீன் பிடிக்கிறவனுக்கு நிறைய விதி. அணையை வைத்திருக்கிற அரசாங்கத்துக்கு? அந்தப் பக்கம் சட்டம் அவ்வளவாகத் திரும்பவில்லை. இது வெள்ளைக்காரன் காலத்து வழக்கம் என்று விட்டுவிடலாம்தான், ஆனால் இன்றைக்கும் பெரிதாக மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1907ல் பிரெடெரிக் நிக்கல்சன் முயற்சியில் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென்று தனி அமைப்பு வருகிறது. சீக்கிரமே, 1909ஐ ஒட்டி, நம்ம கீழணையில் உல்லத்துக்குச் செயற்கைக் குஞ்சுபொரிப்பு முயற்சி தொடங்குகிறது. தாய்மீனைப் பிடித்து, முட்டையைப் பிதுக்கி எடுத்து, ஆண்மீனின் விந்தைக் கலந்து பொரிக்க வைப்பது. கேட்க எளிது. ஆனால் உல்லம் தொட்டாற்சிணுங்கி, வலையில் பட்ட கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். முட்டை பழுத்த பெண்மீனும் ஆண்மீனும் ஒரே நேரத்தில் கையில் சிக்க வேண்டும். சிக்கினால் ஒரு நாளிலேயே குஞ்சு வெளியே வந்துவிடும், அவ்வளவு வேகம். பின்னாளில் சென்னை மீன்வளத்துறையின் இயக்குநராக வந்த சுந்தரராஜ், கொள்ளிடத்து உல்லத்தின் பழக்கங்களையும் இந்தக் குஞ்சுபொரிப்பையும் பற்றி 1917ல் கட்டுரையே எழுதியிருக்கிறார். கல்கத்தா ஆசியச் சங்கத்தின் இதழில் அச்சானது. நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர் ஆற்றில் நின்று ஒரு தமிழர் உல்ல முட்டையை எண்ணியிருக்கிறார்! எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொன்னதே இல்லை.

பிறகு 1934ல் மேட்டூர் அணை வந்தது. சுவர் எங்கோ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கிறது, ஆனால் மீனுக்கு வர வேண்டிய தந்தி அறுந்துபோயிற்று. உல்லத்துக்கு ஆற்றில் ஏறச் சொல்வது புதுவெள்ளம்தானே. அந்த வெள்ளத்தை மேட்டூரில் பிடித்து வைத்துக்கொண்டால் கொள்ளிடத்து முகத்துவாரத்தில் நிற்கும் மீனுக்கு ஆடி எது, ஐப்பசி எது? மேட்டூருக்குப் பிறகு கீழே உல்லம் சரிந்ததையும் அதே சுந்தரராஜ்தான் எழுதினார். அமெரிக்க மாதிரி ஏணி கட்டினால் போதாதா என்று கேட்காதீர்கள். சால்மன் துள்ளிக் குதிக்கும். உல்லம் குதிக்காது, நீந்த மட்டுமே தெரியும்.

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். கதவைத் திறப்பதும் மூடுவதும் நீர்வளத்துறை (2021 வரை பொதுப்பணித்துறை). மீன் என்றால் மீன்வளத்துறை. மணல் என்றால் கனிமவளத்துறை. ஆற்றில் முதலை இருக்கிறது, அதற்கு வனத்துறை. சட்டப் பட்டியலில் முதலைக்கு முதல் மரியாதை. உல்லத்துக்கு அந்தப் பட்டியலிலும் இடமில்லை. உலகக் கணக்கில் அது அழியும் நிலையிலும் இல்லை, வங்கதேசத்தில் லட்சக்கணக்கான டன் கிடைக்கிறதே! நம் ஆற்றில் இல்லை என்பது உலகத்துக்குத் தெரிய வேண்டிய சமாச்சாரமே இல்லை. இத்தனை துறைகளில் "கொள்ளிடத்தில் உல்லம் திரும்பவில்லையே, ஏன்?" என்று கேட்டால் எழுந்து நிற்க வேண்டியவர் யார்? ஒருவரும் இல்லை. தவறு செய்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாதபடி வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது.

மீன்குஞ்சு விடும் விழாக்கள் நடக்கின்றன. இத்தனை லட்சம் குஞ்சு விடப்பட்டது என்று மறுநாள் பேப்பரில் படம் வரும். பெரும்பாலும் கெண்டை வகைகள். விட்ட கணக்கு கச்சிதமாக இருக்கும். பிழைத்த கணக்கை நான் எந்தப் பேப்பரிலும் பார்த்ததில்லை. 2002ல் அந்தத் தணிக்கைக்காரர்கள் கேட்டதும் இந்த வித்தியாசத்தைத்தான். செலவும் வேலையும் கணக்கில் வருகிறது, மீன் வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர்களிடம் கேட்பதற்காவது ஒரு எண் இருந்தது. கொலம்பியாவில் பானவில் அணை 1938ல் வந்தபோதே மீன் ஏணியும் வந்தது, ஏறிப்போகும் மீனை ஆள் வைத்து எண்ணும் பழக்கமும் வந்தது. இன்றுவரை எண்ணுகிறார்கள். 1992ல் ஐடஹோ மாநிலத்து ரெட்ஃபிஷ் ஏரிக்கு, கடலில் இருந்து 1,400 கிலோமீட்டருக்கு மேல், எட்டு அணைகளைத் தாண்டி வந்து சேர்ந்த சாக்கை சால்மன் எத்தனை தெரியுமா? ஒன்று. ஒரே ஒரு ஆண்மீன். 'தனிமை லாரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்த ஒன்றை வைத்துத்தான் அமெரிக்கா முழுக்கப் பேச்சு, பணம், வளர்ப்புத் திட்டம். 2014ல் திரும்பி வந்தவை 1,500க்கு மேல். நம்மிடம் "ஒன்று" என்று சொல்லக்கூட ஆள் இல்லை. கடைசி உல்லம் அணைக்கரையில் எந்த வருடம் முட்டி நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது.

எண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2025க்குள் வருடத்துக்குச் சராசரியாக 50 லட்சம் மீன் திரும்ப வேண்டும் என்று கொலம்பியாவில் இலக்கு வைத்தார்கள். அதில் பாதியைத் தொடுவதற்கே திணறல். அரசின் திட்டங்களை நீதிமன்றம் திரும்பத் திரும்பத் தள்ளுபடி செய்தது. 2023 கடைசியில் ஒரு ஒப்பந்தம் வந்தது, 2025 ஜூனில் புது அதிபர் அதைத் தூக்கிப் போட்டார். இருந்தாலும் தோற்றுவிட்டோம் என்பதை எண்ணால் காட்டிச் சண்டை போட முடிகிறது.

வங்கதேசம் வேறு வழியில் போனது. முட்டையிடும் சமயம் 22 நாள் தடை, குஞ்சு உல்லத்தைப் பிடிக்க எட்டு மாதம் தடை, தடைக்காலத்தில் மீனவர் குடும்பத்துக்கு அரிசி. 2002-03ல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த பிடிப்பு 2017-18ல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. நம் கடலிலும் 2017 முதல் 61 நாள் தடை உண்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகளுக்கு நல்லதுதான். ஆனால் உல்லம் ஆற்றில் ஏற வேண்டியது அதற்குப் பிறகு, வெள்ளம் வரும்போது.

இதை வீட்டில் பேசியபோது அப்பா ஒரே வார்த்தையில் மடக்கினார். "நெல்லுக்கே தண்ணி இல்ல, நீ மீனுக்கு விடச் சொல்றியா?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் எல்வா ஆற்றிலும் கிளமத் ஆற்றிலும் அணைகளையே இடித்தார்கள். கிளமத்தில் 2024ல் இடித்து முடித்த சில வாரங்களிலேயே சால்மன் மேலே போய்விட்டது. அங்கே இடித்தவை பழைய மின்சார அணைகள். கீழணையோ வடவாறு வழியாக வீராணத்துக்கும், அங்கிருந்து 2004 முதல் சென்னைக்காரர் குழாய்க்கும் தண்ணீர் கொடுக்கிறது. அதை யாரும் இடிக்கப் போவதில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் காவிரி நடுவர் மன்றமே 2007ல் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. ஒதுக்கியது, 2018ல் உச்ச நீதிமன்றமும் அதைக் கைவைக்கவில்லை. அதுபோக, வெள்ள வருடங்களில் எப்படியும் கொள்ளிடத்தில் தண்ணீர் கடலுக்குப் போகத்தான் போகிறது. 2018 ஆகஸ்ட் 22ல் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளை அடித்துக்கொண்டு போனதே, அந்த மாதிரி வருடங்கள். "தண்ணி வீணாகக் கடலில் கலக்குது" என்று டிவியில் புலம்புவோமே, அந்த நாட்களில் கீழணைக் கதவுகளை மீன் ஏறுகிற மாதிரி எப்படித் திறக்கலாம் என்று ஒரே ஒரு பருவம் சோதித்துப் பார்க்கலாம். கதவுக்குக் கீழே நாலு மாதம் தினமும் ஓர் ஆள் வலை போட்டு, உல்லம் வந்ததா, எத்தனை என்று நோட்டில் எழுதலாம். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுதட்டும். அந்த நோட்டை வருடா வருடம் சட்டமன்றத்தில் வைக்க வேண்டியவர் இன்ன அதிகாரி என்று ஒரு பெயர் இருக்கட்டும். கோடிக்கணக்கில் செலவு இல்லை, ஒரு சம்பளமும் ஒரு பரிசலும்தான்.

அரியலூரில் கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தைய கடல் உயிர்களுக்கு வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தச் சுறாப்பல்லை எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். உல்லத்தின் படத்தைக் காட்டினால் எத்தனை பேர் சொல்வார்கள்?

எங்கள் அப்பாயிக்குத் தெரியவில்லை. கொள்ளிடக்கரையில் பிறந்தவர், எண்பதைத் தொடப்போகிறார். திருமானூர், அணைக்கரை, மீன்சுருட்டிப் பக்கத்து நண்பர்கள் யாராவது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வெள்ளி மாதிரி மின்னும், முள் ரொம்ப அதிகம், எண்ணெய் நிறைய உள்ள மீன், புதுத்தண்ணியோடு வரும் என்று அடையாளம் சொல்லிக் கேளுங்கள். யாராவது சாப்பிட்டிருந்தால் எந்த வருடம் என்பதையும் மறக்காமல் கேட்டுச் சொல்லுங்கள்.