வாப்பாவின் கட்டிலில் இருந்து பார்த்தால்



ஒரு டீவி வாங்க நாங்கள் கல்முனை பஸாரில் மூன்று சனிக்கிழமை அலைந்த கதை இது. கொஞ்சம் நீளம். வாங்க இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறோம்.

வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருடம். ஹோலில் ஜன்னலோரமாகக் கட்டில். இரவு எட்டு மணிச் செய்திதான் அவருக்கு வெளியுலகம். பழைய டியூப் டீவி பழுதானதும் மச்சான் தன்னுடைய 32 அங்குலத் தட்டை டீவியை இரவலாகக் கொண்டுவந்து மாட்டினார். "என்ன தெளிவு!" என்றோம் நாங்கள். வாப்பா மட்டும் நாலைந்து நாளில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினார். கேட்டால், "எனக்கென்னத்துக்கு மகன் இனிச் செய்தி" என்பார். அவருக்கு மனம் விட்டுப்போச்சு என்று நினைத்தோம். டொக்டரிடமும் சொன்னோம்.

மச்சானின் டீவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்க, சீட்டுக் காசோடு புறப்பட்டோம்.

முதல் சனிக்கிழமை பெயர்களைப் படிப்பதிலேயே போனது. எச்.டி. என்றால் பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிகள். ஃபுல் எச்.டி. 1920க்கு 1080. ஃபோர் கே 3840க்கு 2160, அதாவது ஃபுல் எச்.டி.யின் நான்கு மடங்கு. "ஃபோர் கே எடுங்க சேர், கண்ணாடி மாதிரி இரிக்கும்" என்றார் கடைத்தம்பி. ஆனால் 43 அங்குலத் திரையைப் பத்து அடி தள்ளியிருந்து பார்த்தால் அந்த வித்தியாசம் சாதாரணக் கண்ணுக்குப் பிடிபடாது. எங்கள் அன்டெனாவில் வரும் சனல்களோ எச்.டி. தரத்திலேயே இல்லை. எல்.ஈ.டி., கியூ.எல்.ஈ.டி. இரண்டும் அடிப்படையில் எல்.சி.டி. திரைதான். பின்னால் விளக்கு, முன்னால் திரவப் படிகம். ஓ.எல்.ஈ.டி.யில் மட்டும்தான் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அதன் விலையைக் கேட்டுவிட்டுச் சலாம் சொல்லி வந்தோம்.

இரண்டாம் சனிக்கிழமை 43 அங்குல ஃபோர் கே ஒன்றை ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம். அன்றிரவு வாப்பாவுக்கு மருந்து கொடுக்கக் கட்டிலில் அமர்ந்தபோது தற்செயலாக டீவியைப் பார்த்தோம். செய்தி வாசிப்பவரின் முகம் வெளிறிக் கிடந்தது. எழுத்தெல்லாம் மங்கல். எழுந்து முன்னால் போனால் அதே படம் பளிச்சென்று இருந்தது.

டியூப் டீவியின் திரை தானே ஒளிர்வது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே படம். எல்.சி.டி.யில் ஒளி படிகத்தினூடாக வருவதால் பக்கவாட்டில் நிறம் மாறும். வாப்பாவுக்கு மனம் விட்டுப்போகவில்லை. படம்தான் தெரியவில்லை. எங்களுக்குச் சிரமம் தரக்கூடாது என்று அவர் வாயைத் திறக்கவுமில்லை.

பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடங்களில் ஒன்று: கரும்பலகையில் எழுதிவிட்டுக் கடைசி மூலைப் பிள்ளையின் இடத்தில் போயிருந்து பார். வகுப்பில் தினமும் செய்கிறோம். வீட்டில் செய்யவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை கடையில் முன்னால் நின்று பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் போய், குந்தியிருந்து, கட்டில் உயரத்திலிருந்து பார்த்தோம். கடைத்தம்பி சிரித்தார். காரணத்தைச் சொன்னதும் அவரே ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். கடைக்கென்று கூட்டி வைத்திருந்த வெளிச்சத்தைக் குறைத்து, பென் டிரைவில் கொண்டுபோன செய்தியைப் போட்டுப் பார்த்தோம். வி.ஏ. வகைத் திரையில் கறுப்பு நல்ல கறுப்பு, ஆனால் பக்கத்திலிருந்து வெளிறும். ஐ.பி.எஸ். வகையில் இருட்டறையில் கறுப்பு சற்றுச் சாம்பலாகும், ஆனால் பக்கத்திலிருந்தும் முகம் முகமாகவே இருக்கும். பெட்டியில் இதை எழுதியிருக்கவில்லை. கண்தான் சாட்சி.

ஐ.பி.எஸ். திரையுள்ள 43 அங்குல ஃபுல் எச்.டி. ஒன்றைத் தவணையும் வட்டியும் இல்லாமல் கைக்காசுக்கு எடுத்தோம். ஃபோர் கே இல்லையே என்று பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முகம் கோணல்தான்.

நீங்களும் வாங்கப் போகுமுன், உங்கள் வீட்டில் யார் எந்த மூலையிலிருந்து பார்க்கிறார் என்று ஒருமுறை அங்கே போயிருந்து பாருங்கள்.

அன்றிரவு எட்டு மணி. வாப்பா சுவரைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்த மந்திரி நல்லா நரைச்சிட்டார் மகன்."

அல்ஹம்துலில்லாஹ். வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள்.