புகை தின்னிகளும் தீப்பெட்டி ஆபீசும்

எங்கள் கடலாடிப் பக்கம் ஐஸ் என்றால் மூன்றே அர்த்தம்தான். சைக்கிளில் மணியடித்து வரும் குச்சி ஐஸ். மூக்கையூரிலிருந்தும் வாலிநோக்கத்திலிருந்தும் மீன் பெட்டியில் ஒழுகிக்கொண்டே போகும் கட்டி ஐஸ். அப்புறம், காரியம் ஆகவேண்டிய இடத்தில் ஆளுக்கு வைக்கிற ஐஸ். அந்த ஐஸ் மேல், காலில் கத்தி மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, கையில் மட்டையோடு ஹாக்கி ஆடுகிறார்கள் என்று சொன்னால், எங்கள் ஊர்ப் பெரிசுகள் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

போன கோடையில் நான் சொன்னேன். வேறு யாரிடமும் இல்லை, என் சித்தப்பாவிடம். வேப்ப மர நிழலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தவர், "ஐஸ் மேலயா? வழுக்காதாப்பா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, "பந்து எப்படி ஓடும்?" என்று கேட்டார்.

ஹாக்கி ஆடியவன் மட்டும்தான் இரண்டாவது கேள்வியைக் கேட்பான்.

சித்தப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பையன்களுக்குச் சடுகுடுதான் விளையாட்டு. தண்ணீர் வற்றிய கண்மாய்தான் மைதானம். சித்தப்பாவும் அப்படித்தான் வளர்ந்தார். பிழைப்புக்காகப் பதினெட்டு வயதில் கோவில்பட்டிக்குப் போய், ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதச் சேர்ந்தார். சாயல்குடி, விளாத்திகுளம், எட்டயபுரம் தாண்டினால் கோவில்பட்டி. கடலை மிட்டாய்க்காக உங்களுக்கு அந்த ஊரைத் தெரிந்திருக்கும். தீப்பெட்டிக்காகத் தெரிந்திருக்கும். அந்த ஊருக்கு இன்னொரு பைத்தியம் உண்டு. ஹாக்கி. மற்ற ஊர்ப் பையன்கள் தென்னை மட்டையை கிரிக்கெட் பேட்டாகச் செதுக்கிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே பையன்கள் வளைந்த கருவேலங்கொம்பைத் தேடி அலைந்தார்கள் என்பார் சித்தப்பா.

பகலில் கணக்கு நோட்டு. சாயந்திரம் மண் தரையில் ஹாக்கி. சித்தப்பா லெஃப்ட் அவுட். டீமில் ஒருவர் டீ மாஸ்டர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், இரண்டு பேர் தீப்பெட்டி பண்டல் கட்டுகிறவர்கள். வெளியூர்ப் போட்டி என்றால் பஸ் காசுக்கு முதலாளியிடம் போய் நிற்பார்கள். சில நாள் கிடைக்கும். சில நாள் கிடைக்காது. அப்போதும் போவார்கள்.

கனடாவில் இருக்கும் நண்பர் ஒருவர் சொன்ன கதையைத்தான் அன்றைக்கு நான் சித்தப்பாவுக்குச் சொன்னேன். பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் ட்ரெயில் என்று ஒரு சின்ன ஊர். ஈயமும் துத்தநாகமும் உருக்கும் பெரிய ஆலை ஒன்று. ஊரே அதை நம்பித்தான். அந்த ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பெயர் 'ஸ்மோக் ஈட்டர்ஸ்'. புகை தின்னிகள்! நன்றாக ஆடுகிறவனுக்கு ஆலையில் வேலை கிடைக்கும். ஷிப்ட் முடிந்ததும் ஐஸ் மேல் இறங்கிவிடுவான்.

அந்தக் காலத்தில் கனடா உலகப் போட்டிக்கு அனுப்பியது நாடு முழுவதும் பொறுக்கியெடுத்த நட்சத்திரங்களை அல்ல. ஏதாவது ஓர் ஊரின் அமெச்சூர் அணியை அப்படியே அனுப்பிவிடும். 1939-ல் ஸ்விட்சர்லாந்துக்குப் போன புகை தின்னிகள், தொடர் முழுவதும் ஒரே ஒரு கோல் மட்டும் வாங்கிக்கொண்டு உலக சாம்பியன் ஆனார்கள். மறுபடி 1961-ல் போனார்கள். அப்போது அந்த ஊரின் ஜனத்தொகை சுமார் 11,000. நம் ஊர்ப் பக்கம் ஒரு திருவிழாக் கூட்டம், அவ்வளவுதான். மார்ச் 12-ம் தேதி ஜெனீவாவில் சோவியத் யூனியனை 5-1 என்று ஜெயித்து மறுபடியும் சாம்பியன்.

அப்புறம் காலம் மாறியது. 1963-ல் டேவிட் பாவர் என்ற பாதிரியார் கல்லூரிப் பையன்களை வைத்து நிரந்தரமாக ஒரு தேசிய அணியை உருவாக்கத் தொடங்கினார். ஊர் அணிகளை உலகப் போட்டிக்கு அனுப்புவது நின்றது. கனடா அடுத்த உலக சாம்பியன்ஷிப்பை ஜெயித்தது 1994-ல். 33 வருஷம்! ஊர் அணிகளைக் கைவிட்டதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சோவியத் அணி அசுர பலத்தோடு இருந்த காலம் அது. பணத்துக்கு ஆடும் கனடாவின் பெரிய ஆட்டக்காரர்களுக்கோ அங்கே வெகுகாலம் இடமில்லை. ஆட்டம் வளர்ந்துவிட்டது, ஷிப்ட் முடித்து வந்து ஆடுகிறவன் பின்தங்கிவிட்டான். அவ்வளவுதான்.

கதையைச் சொல்லி முடித்ததும் சித்தப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அந்த முழங்காலுக்கும் ஒரு கதை உண்டு. 1985-ல் வெளிமாநில நகரம் ஒன்றில் நடந்த தேர்வு முகாமுக்கு வரச்சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது. டீமே ஸ்டேஷனுக்கு வந்து ரயிலேற்றிவிட்டது. அங்கே போய்த்தான் வாழ்க்கையில் முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையைப் பார்த்தார்.

"பச்சைப் பாய் விரிச்ச மாதிரி இருந்துச்சுப்பா. மிதிக்கவே கூச்சமா இருந்துச்சு. நம்ம ஊர்ல பந்து வந்து சேர்றதுக்குள்ள ஒரு பீடி பத்தவைக்கலாம். அங்க, பந்து போன பெறகுதான் வந்ததே தெரியுது."

மண் தரையில் பந்து துள்ளும், கல்லில் பட்டுத் திரும்பும். அதைத் தணித்து, மட்டையோடு ஒட்டவைத்து, ஆளைத் தாண்டிக் கொண்டுபோவதுதான் வித்தை. செயற்கைத் தரையில் பந்து நூல் பிடித்த மாதிரி வேகமாக வரும். அங்கே ஓட்டமும் உடனடி பாஸும்தான் ஆட்டம். பத்து வருஷம் கற்ற வித்தை மூன்று நாளில் செல்லாக்காசு ஆனது. மூன்றாவது நாள், சாதாரண கேன்வாஸ் ஷூவோடு வேகமாகத் திரும்பியதில் முழங்கால் பிசகியது. ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு பழைய ஓட்டம் வரவில்லை. கொஞ்ச நாளில் கடலாடிக்கே வந்து மளிகைக் கடை வைத்துவிட்டார். ஜலந்தரிலிருந்து வந்த அந்த ஹாக்கி ஸ்டிக் இன்னமும் பரணில் இருக்கிறது.

அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததா இது? 1928 முதல் 1972 வரை ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கம் இல்லாமல் இந்தியா திரும்பியதே இல்லை. 1976-ல் மான்ட்ரியலில்தான் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்தது. இந்தியா ஏழாவது இடம். 1980-ல் மாஸ்கோவில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கினோம், உண்மைதான். அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 2021 வரை, டோக்கியோ வெண்கலம் வரை, காத்திருந்தோம். தரை மட்டுமே காரணம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். தேசத்தின் ஆட்டக்காரர்கள் மண்ணில் கற்றுக்கொள்கிறார்கள். பரீட்சை மட்டும் பச்சைப் பாயில். பாய் பெரிய நகரங்களில். பையன்கள் சின்ன ஊர்களில்.

கடைசியில் பாய் கோவில்பட்டிக்கும் வந்தது. விளையாட்டு விடுதி வந்தது. 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆண்கள் சாம்பியன்ஷிப்பே அங்கே நடந்தது. அதே மாதம் 23-ம் தேதி ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. முதல் ஆட்டம் பாகிஸ்தானோடு. அந்த இந்திய அணியில் இரண்டு தமிழ்ப் பையன்கள். ஒருவர் கோவில்பட்டிக்காரர் மாரீஸ்வரன் சக்திவேல். இன்னொருவர் அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வம். அறிமுக ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். ஆட்டம் 1-1 என்று டிராவில் முடிந்தது. அந்தத் தொடரில் இந்தியாவுக்கு வெண்கலம்.

அந்த மேட்சை சித்தப்பா வீட்டில்தான் பார்த்தேன். கோல் விழுந்ததும் நான் கத்தினேன். சித்தப்பா கத்தவில்லை. டி.வி. பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "காலைப் பாரு, காலைப் பாரு. பயமே இல்லாம ஓடுறான்" என்றார். கடைக்குச் சாமான் வாங்க வந்த ஆளை அரை மணி நேரம் காக்கவைத்தார்.

டீ மாஸ்டரும் வாத்தியாரும் பண்டல் கட்டுகிறவரும் மண்ணில் ஆடாமல் இருந்திருந்தால், அந்த ஊருக்குப் பச்சைப் பாய் வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்குமா? அவர்களின் பெயர் எந்த ஸ்கோர் போர்டிலும் இல்லை. அந்த கோலில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வேப்ப மரத்தடியில் வெயில் நகர்ந்து கட்டிலுக்கு வந்துவிட்டது. கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டே சித்தப்பா கேட்டார்:

"அந்தப் புகை தின்னி டீம் இப்ப இருக்காப்பா?"

"பெரியவங்க டீம் இல்ல சித்தப்பா. அதே பேர்ல சின்னப் பசங்க ஆடுறாங்க."

"கிரவுண்டு? அந்த ஐஸ் கிரவுண்டு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் சாய்ந்துகொண்டார்.