மாரிகாலத்து வாசல்

கொழும்பில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டும். மார்கழி விடியலில் போர்வையைச் சற்று இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். அவ்வளவே. ஆயினும் தமிழர் தம் வீட்டு வாசலைப் பெரிதும் பேணும் பருவம் இதுவேயாகும். கார்த்திகையில் விளக்கீடு, மார்கழியில் கோலம், தையில் பொங்கலும் நிறைகுடமும் என, ஈரமும் இருளும் மிகுந்த நாட்களிலேயே வாசலுக்கு ஒளியும் வண்ணமும் சேர்கின்றன.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இடப்பஞ்சம் இல்லை. படலையடியில் வாழைக்குற்றியை நட்டு அதன்மேல் சிட்டி விளக்கு வைப்பார்கள். முற்றத்தில் சாணம் தெளித்துக் கோலம் இடுவார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் முற்றம் ஏது? பொது நடைபாதையில் ஒரு கால்மிதியும் இரண்டு சோடிச் செருப்புகளுமே அங்கு வாசல். கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகள் பலவற்றில் கதவைத் திறந்தால் தெரு. அத்தெருக்களில் ஒரு வாசலில் மார்கழிக் கோலமும் அடுத்த வாசலில் கிறிஸ்தவரின் காகித நட்சத்திரமும் காணலாம்.

இடம் சிறிது என்பது பெருங்குறையன்று. வாசலை அலங்கரித்தல் என்பது, இங்கே வாழ்பவர் இன்னார் என அறிவித்தலுமாகும். 1983 ஜூலையில், வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தித் தமிழர் வீடுகளைத் தேடிய கும்பல்களை இந்நகரம் கண்டது. அதன்பின் மாவிலைத் தோரணம் கட்டவும் கை தயங்கியது. போர்க்காலத்தில் இரவில் கதவு தட்டப்பட்டால், வந்திருப்பவர் விருந்தினர் என்று எவரும் எண்ணவில்லை. பொலிஸ் பதிவுப் பத்திரத்தையே கை தேடியது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

விளக்குக்கும் சோதனை வந்தது. 1989 முதல் நவம்பர் 27 மாவீரர் நாளாயிற்று. கார்த்திகை விளக்கீடும் அந்நாட்களை ஒட்டியே வருவதுண்டு. 2020இல் இரண்டே நாள் இடைவெளி. வழிபாட்டு விளக்குக்கும் விளக்கம் கூற நேர்ந்ததால், அதனை வாசலிலிருந்து சுவாமி அறைக்கு மாற்றிய குடும்பங்களை அறிவேன்.

எனவேதான் இன்று தொடர்மாடி நடைபாதையில் ஒரு கோலத்தைக் காணும்போது அதனை வெறும் அலங்காரமாக என்னால் கருத முடிவதில்லை. கதவைத் தட்டுபவர் விருந்தினரே என்று நம்பத் துணிந்த ஒரு வீட்டின் அடையாளம் அது.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. செருப்புத் தட்டை ஒருபுறம் ஒதுக்கினாலே பாதி வாசல் கிடைக்கும். ஈரக் கால்கள் படாதவாறு கதவோரத்தில் சிறு கோலம் இடலாம். அரிசிமாவாயின் எறும்புகளும் பசியாறும். விளக்கைக் காற்றுப் படாத மூலையில், அகன்ற தட்டில் வைக்க வேண்டும். பொது நடைபாதையில் கவனிப்பாரின்றி எரியவிடலாகாது.

இன்னுமொன்று. அயலிலுள்ள சிங்களக் குடும்பத்தாரிடம் அன்று என்ன நாள் என்பதைக் கூறுங்கள். வெசாக் பௌர்ணமியில் தம் வாசலில் கூடு கட்டி விளக்கேற்றுபவர்களுக்கு நம் விளக்கின் பொருள் எளிதில் விளங்கும். சென்ற தலைமுறை இதனைச் சொல்லத் தயங்கியது. நாம் சொல்லிப் பார்க்கலாம்.