பெயர் ஒன்று, வரிசை வேறு

லினக்ஸ் சர்வர்களில் ‘லொக்கேல்’ எனப்படுவது, தேதி, நாணயம், தசமப் புள்ளி, எழுத்துக் குறியாக்கம், சொற்களை வரிசைப்படுத்தும் முறை ஆகியவற்றை ஒரு மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்பத் தீர்மானிக்கும் அமைப்புத் தொகுதியாகும். தமிழுக்கு இந்தியா, இலங்கை என இரு லொக்கேல்கள் இருப்பது இதனாலேயே. பல சர்வர்களில் இதைக் கையால் அமைத்தால் எங்கேனும் ஒன்று விடுபடும் என்பதால், அன்சிபிள், பப்பெட் போன்ற உள்ளமைவு மேலாண்மைக் கருவிகளுக்கு வேண்டிய நிலையைக் கோப்பில் எழுதிக் கொடுக்கின்றனர். எத்தனை முறை இயக்கினாலும் அவை மாறுபட்டிருப்பதை மட்டுமே திருத்தும்.

ஆயினும் லொக்கேலின் பெயர் ஒன்றாக இருப்பதால் அதன் நடத்தையும் ஒன்றாகிவிடாது என்பதே இங்கு மிகுந்த கவனத்துக்குரியது. வரிசை விதிகளைத் தன்னுள் கொண்ட ஜிலிப்சி என்னும் அடிப்படை நிரலகம், 2018 ஆகஸ்டில் வெளியான 2.28ஆம் பதிப்பில் அவ்விதிகளைப் பெரிதும் மாற்றியது. அமெரிக்க ஆங்கில லொக்கேலில் அதுவரை ‘11’ என்பதற்குப் பின்னே நின்ற ‘1-1’, அதன்பின் முன்னே வரலாயிற்று. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் இண்டெக்ஸ்களை, அதாவது விரைந்து தேடுவதற்கான வரிசைப்பட்ட பட்டியல்களை, பெரும்பாலும் இந்த வரிசையை நம்பியே கட்டுவதால், இயங்குதளம் மேம்படுத்தப்பட்டதும், இருக்கும் பதிவுகள் தேடலில் அகப்படாமல் போகவும், ஒருமுறையே வரவேண்டிய மதிப்புகள் இரட்டிக்கவும் வழி பிறந்தது. ஆகவே லொக்கேலின் பெயரோடு நிரலகத்தின் பதிப்பையும் கோப்பில் குறித்து, அது மாறும்போது இண்டெக்ஸ்களை மறுபடி கட்டச் செய்வது இன்றியமையாதது. பைட் மதிப்பின்படி மட்டுமே வரிசைப்படுத்தும் ‘சி’ லொக்கேலைத் தேர்ந்திருந்த தரவுத்தளங்கள் இவ்விடரிலிருந்து தப்பின.