எங்கே தெரியவில்லை?

சென்னை ரிச்சி தெருவில் எஸ்எஸ்டி வாங்கிப் போனவர் சில நாளில் அதே டப்பாவோடு திரும்பி வந்து நிற்பது உண்டு. “டிடெக்ட் ஆகலண்ணே, வேற பீஸ் குடுங்க.” கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால், அந்த மாற்றுப் பீஸும் அதே புகாரோடு திரும்பி வரக்கூடும். கைபழகிய மெக்கானிக் டப்பாவை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுவார்: “எங்க தெரியல? பயாஸ்லயா, விண்டோஸ்லயா?”

வந்தவர் பெரும்பாலும் பயாஸ் பக்கமே போயிருக்க மாட்டார். ‘திஸ் பிசி’யைத் திறந்திருப்பார், சி, டி இருக்கிறது, இ வரவில்லை, அவ்வளவுதான். புதிய எஸ்எஸ்டி அங்கே தெரியாமல் இருப்பதுதான் இயல்பு. கம்பெனியிலிருந்து அது வெறுமையாக வருகிறது. அளந்து கல் நடாத மனை மாதிரி: இடம் இருக்கிறது, எல்லை இல்லை. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டுக்குள் போனால் ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்று கீழே ஓரமாகக் காத்துக்கொண்டிருக்கும். இனிஷியலைஸ் செய்து, ‘நியூ சிம்பிள் வால்யூம்’ போட்டு, ஓர் எழுத்தைக் கொடுத்தால் வேலை முடிந்தது. எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும். எம்பிஆர் 2 டெராபைட்டுக்கு மேல் எட்டாது. பழைய மெஷின் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் ஜிபிடிதான்.

பிறகு அடுத்த சண்டை தொடங்கும்: 500 ஜிபி வாங்கினேன், 465தான் காட்டுகிறது. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இதை விளக்கிப் புரியவைப்பது எஸ்எஸ்டி மாட்டுவதைவிடக் கடினம்.

இனிஷியலைஸ் விஷயத்தில் ஒரு கண்டிப்பும் உண்டு. பார்ட்டிஷன் விவரம் கெட்டுப்போன பழைய ஹார்டு டிஸ்க்கை மாட்டினாலும் விண்டோஸ் அதே பெட்டியைத்தான் காட்டும். அங்கே அவசரப்பட்டு ஓகே அடிப்பவர், உள்ளே இருக்கும் கல்யாண போட்டோக்களை மீட்கும் வேலையைத் தானே சிக்கலாக்கிக்கொள்கிறார். டேட்டா இருந்த டிஸ்க் என்றால் கேன்சல், மற்றதெல்லாம் பிறகு.

பயாஸிலேயே காணவில்லை என்றால்தான் திருப்புளிக்கு வேலை. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிக்கு இரண்டு கேபிள்: டேட்டாவுக்கு 7 பின், பவருக்கு 15 பின். டேட்டா கேபிளை மட்டும் செருகிவிட்டு வந்தவர்களும் உண்டு. கேபிளை மாற்றிப் பார், போர்டில் போர்ட்டை மாற்றிப் பார். இந்த இரண்டுக்குள் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

எம்.2 அப்படி இல்லை. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் கொண்ட அந்தப் பட்டைக்கு கேபிளே கிடையாது. சாய்த்துச் செருகி, அமுக்கிப் பிடித்து, முனையில் குட்டி ஸ்க்ரூவைப் போட வேண்டும். ஸ்க்ரூ தொலைந்தால் செல்லோ டேப் ஒட்டி அனுப்பும் கைகளும் இருக்கின்றன. லேப்டாப் கொஞ்சம் ஆடினால் பட்டை தூக்கிக்கொள்ளும். இதைவிடப் பெரிய குழப்பம், ஒரே உருவத்தில் இரண்டு இனம் இருப்பது. சாட்டா வகையைக் கடைத்தெருவில் ‘என்ஜிஎஃப்எஃப்’ என்பார்கள்; மற்றது என்விஎம்இ. முன்னதில் வழக்கமாக இரண்டு வெட்டு இருக்கும், பின்னதில் பெரும்பாலும் ஒன்று. ஆனால் ஸ்லாட்டின் வடிவத்தை மட்டும் நம்ப முடியாது. பட்டை பொருந்தும், ஸ்க்ரூவும் ஏறும், ஸ்லாட்டுக்குப் பின்னால் அந்த வகைக்கான இணைப்பு இல்லாவிட்டால் பயாஸில் ஒன்றும் வராது. மாடல் எண்ணைப் போட்டு போர்டு மேனுவலைப் பார்ப்பது ஒன்றே வழி. அதே மேனுவலில், எம்.2-வில் எதையாவது மாட்டினால் குறிப்பிட்ட ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது என்ற அடிக்குறிப்பும் சில போர்டுகளுக்கு இருக்கும். புதியது வந்து பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போவது அதனால்தான்.

மெக்கானிக்கின் முதல் கேள்வியையே குப்புறக் கவிழ்க்கும் மெஷினும் உண்டு. எச்61 சிப்செட் போர்டுகள் 2011-இல் வந்தவை. என்விஎம்இ-யின் முதல் வரையறை வெளியானதும் அதே ஆண்டில்தான். ஆகவே அந்த போர்டுகளின் பயாஸுக்கு என்விஎம்இ என்றால் என்னவென்று தெரியாது. பிசிஐஇ அடாப்டர் கார்டில் வைத்து மாட்டினால் பயாஸில் பூட் பட்டியலில் வராது, விண்டோஸ் 10-இல் மட்டும் ஜம்மென்று தெரியும், ஏனென்றால் விண்டோஸிடம் தன் சொந்த டிரைவர் இருக்கிறது. சாட்டா எஸ்எஸ்டியில் விண்டோஸை வைத்து, இதை டேட்டாவுக்கு விட்டுவிடுவது நிம்மதி. பயாஸைத் திருத்தி ஏற்றலாம் என்று யூடியூப் பார்த்து வருகிறவர்களிடம், போர்டு போனால் போனதுதான் என்று சொல்லிவிடுவது நல்லது.

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் நிலைமை நேர்மாறு. பயாஸில் எஸ்எஸ்டி தெரியும், விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது பட்டியல் காலி. விஎம்டி என்ற அமைப்பு நடுவில் நிற்கிறது. இன்டெல்லின் ஆர்எஸ்டி டிரைவரை பென் டிரைவில் வைத்து ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் தெரிந்துவிடும். விஎம்டியை ஆஃப் செய்தாலும் தெரியும். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் அப்படிச் செய்தால் அடுத்த பூட்டில் நீலத் திரைதான் எதிரே நிற்கும்.

குளோன் செய்து கொண்டுவருபவர்கள் தனி ரகம். பழையதன் அடையாள எண்ணும் சேர்ந்தே நகலாகியிருப்பதால், இரண்டையும் ஒன்றாக மாட்டினால் விண்டோஸ் ஒன்றை ‘ஆஃப்லைன்’ என்று ஒதுக்கிவிடும். அதை ஆன்லைன் ஆக்கினால் விண்டோஸ் அதற்குப் புது எண் எழுதும். பிறகு அதிலிருந்து பூட் ஆகாமல் போகலாம். அதனால் மெக்கானிக் முதலில் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதை மட்டும் வைத்து பூட் ஆகிறதா என்று பார்க்கிறார். ஆன பிறகு பழையதை மாட்டினால் ஆஃப்லைன் ஆவது அதுதான். அதை ஃபார்மட் அடிப்பதா, அப்படியே அலமாரியில் வைப்பதா என்பது வாடிக்கையாளர் பாடு.