கொடி நின்ற பக்கம்

மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை. முதல் எதிரி பள்ளியின் கரஸ்பாண்டென்ட், இரண்டாம் எதிரி தலைமை ஆசிரியை, மூன்றாம் எதிரி டிரில் மாஸ்டர். குற்றம், 2008 ஜனவரி 26 அன்று தேசியக் கொடியை அவமதித்தது. சட்டம், 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், இரண்டாம் பிரிவு. நிரூபணமானால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில், காணிப்பாக்கம் பக்கம் இருந்த தனியார் பள்ளி அது. பேர் வேண்டாம். அன்று காலை மைதானத்து மேடையில் ஆறு கம்பங்கள் நட்டு, ஒன்றில் நம் கொடியையும் மற்ற ஐந்தில் குவைத், மலேசியா, சவூதி அரேபியா, சிங்கப்பூர், அமெரிக்கா கொடிகளையும் ஏற்றியிருக்கிறார்கள். நம் கொடி காதி கடையில் வாங்கியது, பில் இருந்தது. மற்றவை பிள்ளைகள் சார்ட் பேப்பரில் வரைந்து ஒட்டியவை.

ஏன் இந்த ஐந்து நாடுகள் என்று எங்கள் பக்கத்து ஆள் யாரும் கேட்க மாட்டார். பீலேரு, வாயல்பாடு, மதனப்பள்ளி, ராயசோட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்கு ஒருவர் குவைத்திலோ சவூதியிலோ இருப்பார். வீட்டு வேலைக்குப் போன அம்மாக்கள் அதிகம். திருப்பதியில் இன்ஜினியரிங் முடித்த பையன்கள் அமெரிக்கா. தமிழ்க் குடும்பங்களுக்குச் சிங்கப்பூரும் மலேசியாவும் பழைய உறவு. 'உன் வீட்டில் யார் எந்த நாட்டில் வேலை செய்கிறார்கள்' என்று சமூக அறிவியல் டீச்சர் கொடுத்த பயிற்சிதான் கொடி வரிசையாக மேடை ஏறியது.

மறுநாள் தெலுங்கு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் போட்டோ வந்தது. அதைப் பார்த்து ஒருவர் திருப்பதியிலிருந்து வந்து புகார் கொடுத்தார். நான்கு குறை. அந்நிய நாட்டுக் கொடிகளைக் குடியரசு தினத்தில் ஏற்றினார்கள். நம் கொடியை மற்றவற்றைவிட உயரமாக வைக்கவில்லை. நம் கொடியை இடது ஓரத்தில் ஒதுக்கினார்கள். வரிசையில் இருந்த பச்சைக் கொடி பாகிஸ்தானுடையது போலத் தெரிகிறது.

கடைசிக் குறைதான் போலீஸை நகர்த்தியது என்பது என் கணிப்பு. அது சவூதிக் கொடி. மூலக் கொடியில் பச்சைத் துணி மேல் வெள்ளையில் அரபு எழுத்தும் அதன் கீழே ஒரு வாளும் இருக்கும். ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு அந்த எழுத்து கைவரவில்லை. வாளை மட்டும் வரைந்து விட்டுவிட்டாள். நாளிதழின் மங்கிய அச்சில் வாளும் மறைந்து, வெறும் பச்சை மிஞ்சியது.

தலைமை ஆசிரியை என் வக்கீல் ஆபீஸுக்கு வந்தபோது கையில் ஒரு பை, பைக்குள் அந்த சார்ட் பேப்பர் கொடிகள். "தம்பி, முப்பது வருஷமா நான்தான் கொடி மடிச்சுக் கட்டறேன். தரையில ஒரு நூல் பட்டதில்ல. எங்களைப் போயி அவமதிச்சோம்னு எழுதியிருக்காங்களே" என்றார். கரஸ்பாண்டென்ட் வேறு கவலையில் இருந்தார். அட்மிஷன் நேரம் நெருங்குகிறது, ஏதாவது எழுதிக் கொடுத்து முடித்துவிடலாமா என்றார். "மன்னிப்பு எழுதிக் குடுத்தா செஞ்ச தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடும் சார். முதல்ல தப்பு நடந்துச்சான்னு பாப்போம்" என்றேன்.

1971ஆம் ஆண்டுச் சட்டம் சின்னது. கொடியை எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது, வேறு வகையில் அவமரியாதை செய்வது குற்றம். 'அவமரியாதை' என்றால் எதெது என்று 2003 திருத்தம் ஒரு பட்டியல் போட்டது. கொடியைத் தாழ்த்தி ஒருவருக்கு வணக்கம் செய்வது, அதன் மேல் எழுதுவது, சிலையையோ பேச்சாளர் மேசையையோ அதனால் மூடுவது, வேண்டுமென்றே தரையில் படவிடுவது, காவி நிறம் கீழே வரும்படி வேண்டுமென்றே ஏற்றுவது என்று நீளும் அந்தப் பட்டியலில் வெளிநாட்டுக் கொடி என்ற பேச்சே இல்லை.

அடுத்தது 2002 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கும் இந்தியக் கொடி விதித் தொகுப்பு. அன்று சித்தூரில் அதன் நல்ல பிரதி கிடைக்கவில்லை. திருப்பதியில் ஒரு சீனியர் வக்கீல் வீட்டில் இருந்தது. அவர் புத்தகத்தை நீட்டி, "மூணாம் பகுதியில ஏழாம் பிரிவை மட்டும் படி, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார்.

அந்தப் பிரிவின் தலைப்பே பிற நாட்டுக் கொடிகளோடும் ஐக்கிய நாடுகள் சபைக் கொடியோடும் நம் கொடியை வைக்கும் முறை. வைக்கலாமா கூடாதா என்ற கேள்வியைத் தாண்டி, வைக்கும்போது எப்படி என்று சொல்கிறது. ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கம்பம். கம்பங்கள் ஒரே உயரம். சமாதான காலத்தில் ஒரு நாட்டுக் கொடியை இன்னொரு நாட்டுக் கொடிக்கு மேலே பறக்கவிடுவதை உலக வழக்கம் ஏற்பதில்லை. நம் கொடி முதலில் ஏறி, கடைசியில் இறங்கும். மற்ற நாடுகள் ஆங்கிலப் பெயரின் அகர வரிசையில் நிற்கும். நம் கொடி வரிசையின் வலக்கோடியில் நிற்கும்.

புகாரின் இரண்டாம் குறை அங்கேயே விழுந்தது. நம் கொடியை உயர்த்தி வைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு, உயர்த்தி வைத்திருந்தால்தான் விதிமீறல். ஆனால் மூன்றாம் குறை என்னை உட்காரவிடவில்லை. விதி வலது என்கிறது, போட்டோவில் கொடி இடது ஓரத்தில் இருக்கிறது. விதியை இன்னொரு முறை எழுத்தெழுத்தாகப் படித்தபோது விடை கிடைத்தது. கொடி வரிசையின் நடுவில் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து நின்றால் அவருடைய வலப்பக்கம் என்று கணக்கு. கீழே உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது இடப்பக்கம்.

குற்றச்சாட்டு பதிவு செய்யும் முன்பே விடுவிக்கக் கோரி, அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 239ஆம் பிரிவில் மனு போட்டேன். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தக் கட்டத்தில் எதிரி தன் பக்கத்து ஆவணம் எதையும் காட்ட முடியாது, போலீஸ் தாக்கல் செய்ததை வைத்துத்தான் பேச வேண்டும் என்று தேபேந்திரநாத் பாதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 இறுதியில் சொல்லிவிட்டது. டீச்சரம்மாவின் பையும் காதி பில்லும் அன்று உதவாது. என் கையில் இருந்தது போலீஸே இணைத்த அந்தப் போட்டோ ஒன்றுதான்.

அதுவே போதுமாக இருந்தது. மேடையின் பின்திரையில் பள்ளிப் பெயரும் குடியரசு தின வாழ்த்தும் தெலுங்கில் இருந்தன. எழுத்துகள் நேராகத் தெரிந்தன. அப்படியென்றால் போட்டோ கூட்டத்தின் பக்கத்திலிருந்து எடுத்தது.

மாஜிஸ்திரேட் இளம் பெண்மணி, எதையும் குறித்துக்கொண்டே கேட்பவர். "வலதுன்னா யாருக்கு வலது?" என்று அவரே கேட்டார். "யுவர் ஆனர், தாங்கள் இருப்பதை மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் வலக்கைப் பக்கம் ஸ்டெனோ உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர் இடப்பக்கம் தெரிகிறார்" என்றேன். அவர் ஸ்டெனோவைத் திரும்பிப் பார்த்தார், பிறகு போட்டோவைப் பார்த்தார். பின் பெஞ்சில் ஜூனியர்கள் சிலர் தங்கள் கைகளைத் தூக்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரசு வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. அவரிடம் ஒரு நல்ல வாதம் இருந்தது. கொடி விதியின் மூன்றாம் பகுதி மத்திய, மாநில அரசுகளுக்கு. தனியார் பள்ளிக்குப் பொருந்துவது இரண்டாம் பகுதி. அதில் வேறு எந்தக் கொடியையும் தேசியக் கொடிக்கு மேலாகவோ பக்கத்திலோ வைக்கக் கூடாது என்று இருக்கிறது. மூன்றாம் பகுதியில் உள்ள விதிவிலக்கு இங்கே இல்லை. ஆகவே வலமோ இடமோ, வரிசையில் வைத்ததே தவறு என்றார்.

எழுத்துப்படி பார்த்தால் அதில் உயிர் இருந்தது. நான் இரண்டு பதில் வைத்தேன். ஒன்று, அதே இரண்டாம் பகுதியின் முதல் வரி, பொதுமக்களும் கல்வி நிலையங்களும் கொடியைக் காட்டுவதற்கு 1950ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டமும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் பிற சட்டங்களும் போடும் தடையைத் தவிர வேறு தடையில்லை என்கிறது. இரண்டு, நவீன் ஜிந்தால் வழக்கு. தன் தொழிற்சாலையில் கொடி ஏற்றியதை அதிகாரிகள் தடுத்தபோது அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். மத்திய அரசின் மேல்முறையீட்டில் 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மரியாதையோடு கொடி ஏற்றுவது பேச்சுரிமையின் பகுதி. அந்த உரிமை வரம்புக்கு உட்பட்டது, ஆனால் வரம்பைப் போடுவது நாடாளுமன்றச் சட்டம். கொடி விதி அந்தப் பொருளில் சட்டம் ஆகாது, அதில் கொடியின் கண்ணியத்தைக் காக்கும் பகுதிகளைப் பின்பற்ற வேண்டும். விதியில் ஒரு வரி பிசகினால் அது பிசகு. அது அவமதிப்புக் குற்றம் ஆக வேண்டுமானால், கொடியை அவமரியாதை செய்யும் செயல் ஒன்று நடந்திருக்க வேண்டும்.

கூடவே பிஜோ இமானுவேல் வழக்கையும் வைத்தேன். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி 1985ல் அவர்களை நீக்கியது. 1986ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மரியாதையாக எழுந்து நின்றவர் பாடாததாலேயே அவமதித்தவர் ஆகிவிட மாட்டார் என்பது அதன் சாரம். தீர்ப்பெழுதிய நீதியரசர் சின்னப்ப ரெட்டி ஆந்திர உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் நீதிமன்றங்களில் அது கொஞ்சம் எடுபடும்.

பச்சைக் கொடிக்கு வந்தபோது, அது சவூதிக் கொடி என்று சொல்லி முடித்திருக்கலாம். அங்கே நிறுத்த மனம் வரவில்லை. பாகிஸ்தான் கொடியாகவே இருந்தாலும் எந்தச் சட்டத்தில் குற்றம் என்று கேட்டேன். முந்தின வருஷம், 2007 ஏப்ரலில், டெல்லியில் சார்க் மாநாடு நடந்தது. பாகிஸ்தான் உட்பட உறுப்பு நாடுகள் எல்லாம் வந்தன. விருந்தாளி நாட்டுக் கொடியைத் தலைநகரில் வைக்கலாம், வரைபடம் படிக்கும் பிள்ளை வரையக் கூடாதா என்றேன். அரசு வக்கீல் அதற்கு எழுந்திருக்கவில்லை.

மூவரும் விடுவிக்கப்பட்டார்கள். குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை என்று உத்தரவு சுருக்கமாக இருந்தது.

இந்த வழக்குக்காகப் படித்தபோது அமெரிக்காவில் நடந்த ஒன்றும் கண்ணில் பட்டது. 2006 ஆகஸ்டில், கொலராடோ மாநிலம் லேக்வுட்டில், ஏழாம் வகுப்புப் புவியியல் ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் சீனா, மெக்சிகோ, ஐ.நா. கொடிகளை மாட்டியிருந்தார். எடுக்கச் சொன்னபோது மறுத்தார், கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். பொதுக் கட்டடங்களில் அமெரிக்கக் கொடி, மாநிலக் கொடி, மாநில அமைப்புகளின் கொடி தவிர வேறெதுவும் கூடாது என்று அந்த மாநிலத்தில் சட்டம். பாடத்துக்காகத் தற்காலிகமாக வைப்பதற்கு விலக்கு உண்டு. தற்காலிகம் என்பது எத்தனை நாள் என்பதில்தான் சண்டை. அந்தச் சட்டத்தின் நோக்கத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அரசுக் கட்டடத்து உச்சியில் பறக்கும் கொடி அங்கே யாருடைய ஆட்சி என்று சொல்கிறது. அங்கே வேறு கொடி பறக்கக் கூடாது என்பது நியாயம். வகுப்பறைச் சுவரில் இருக்கும் கொடி, உலகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்கிறது. உச்சிக்கு எழுதிய சட்டத்தைச் சுவருக்குக் கொண்டுவந்தால் வம்பு வரும். நம் விதித் தொகுப்பு இந்த இடத்தில் பக்குவமானது. அடுத்தவர் கொடியை விரட்டாமல், நம் கொடியின் இடத்தை உறுதி செய்கிறது.

நம் தேசியச் சின்னங்களின் வரலாறும் அதற்கு ஒத்துத்தான் போகிறது. கொடிக்கு முதல் வடிவம் கொடுத்த பிங்கலி வெங்கய்யா ஆந்திரக்காரர். பல நாட்டுக் கொடிகளை ஆராய்ந்து 1916ல் புத்தகம் போட்டவர், 1921ல் விஜயவாடாவில் காந்தியிடம் தன் வடிவத்தைக் கொடுத்தார். ஜன கண மன பாட்டைத் தாகூர் ஆங்கிலத்தில் ஆக்கியது 1919ல், அன்று எங்கள் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியின் கல்லூரியில். அங்கே அதற்குச் சுரக்குறிப்பு எழுதிய மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்துப் பெண்மணி.

இவ்வளவு வாதாடி ஜெயித்தும், அடுத்த குடியரசு தினத்தில் அந்த மேடையில் ஒரே கம்பம்தான் நின்றது. டீச்சரம்மா போனில் சொன்னார்: "கேஸ் நம்ம பக்கம்தான் தம்பி. ஆனா மேனேஜ்மென்ட் வேண்டாம்னுடுச்சு. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைஞ்சது யாரு?" டிரில் மாஸ்டர் வாய்தாவுக்கு வாய்தா அரை நாள் லீவு போட்டு வந்தவர். அந்தச் சம்பளப் பிடித்தத்துக்கு விடுவிப்பு உத்தரவில் பரிகாரம் இல்லை. சட்டம் அனுமதித்த ஒன்றை வழக்கின் அலைச்சல் தடை செய்துவிட்டது. இதைச் செய்ய எந்தச் சட்டத்திருத்தமும் தேவைப்படவில்லை, ஒரு புகாரும் அதைக் கொடி விதியோடு ஒப்பிடாமல் பதிவு செய்த ஒரு கையெழுத்தும் போதுமானதாக இருந்தன.

திருப்பதி தனி மாவட்டமாகி 2022 முதல் எல்லைகள் மாறிவிட்டன. கொடி விதியும் மாறியிருக்கிறது. பாலியஸ்டர் துணிக்கு 2021 முடிவில் அனுமதி வந்தது, இரவிலும் பறக்கவிட 2022ல் அனுமதி வந்தது. பிற நாட்டுக் கொடி வரிசையின் முறை மட்டும் அப்படியே இருக்கிறது. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளிலிருந்து எனக்கு இன்னும் போன் வரும். நான் சொல்வது இவ்வளவுதான். தாராளமாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பம், ஒரே உயரம். நம் கொடி முதலில் ஏறட்டும், கடைசியில் இறங்கட்டும். மேடையில் கூட்டத்தைப் பார்த்து நின்று உங்கள் வலது கையைத் தூக்குங்கள், அந்தக் கோடியில் நம் கொடி. அந்த ஏழாம் பிரிவை நகலெடுத்து, விழாவுக்கு முந்தின நாளே ஸ்டேஷனில் ஒரு பிரதி கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.