முன்பனியில் ஒரு பகல்

எங்கள் இருவரில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் கூட்டுறவு வங்கியொன்றில் கணக்குப் பார்ப்பவர். மணமாகிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆண்டுகளில் கோயில், திருமணம், துக்கம், மருத்துவமனை ஆகிய நான்கு காரணங்களுக்காக அன்றி நாங்கள் சேர்ந்து வெளியூர் சென்றது அரிது. ஆகவே 2025ஆம் ஆண்டு பொங்கலுக்கு அடுத்த வாரத்தில், ஒரு வேலை நாளில், செங்கற்பட்டிலிருந்து கோவளம் கடற்கரைக்குப் போய், பிற்பகலில் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் சுற்றிவிட்டு வந்தோம் என்று சொன்னபோது வீட்டுக்கார அம்மாள் நம்பவில்லை. "ஏன், யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்டார்.

அவர் கேட்டதில் பாதி சரி. அன்று நாங்கள் விடுப்பு எடுத்தது சென்னையில் ஒரு மருத்துவமனைக்குச் செல்வதற்காகத்தான். சோதனைக் குழாய் முறையில் மூன்று முயற்சிகள் முடிந்திருந்தன. நான்காவதைப் பற்றிப் பேச மருத்துவர் நேரம் கொடுத்திருந்தார். 'மூன்று முயற்சிகள் செய்தோம்' என்று பன்மையில் எழுதுவது இலக்கணப்படி சரி, உண்மைப்படி சரியன்று. ஊசிகளை ஏற்றுக்கொண்ட உடம்பு ஒன்றுதான். மற்றவர் செய்ததெல்லாம் வரிசையில் நின்று மருந்துச் சீட்டை நீட்டியதும், திரும்பி வரும் வழியில் வானொலியை அணைத்ததும்தான்.

திருப்போரூர் வழியாகக் கேளம்பாக்கம் வந்து, அங்கிருந்து நேரே வடக்கில் சென்றால் சென்னை. வலப்பக்கம் திரும்பினால் கோவளம். கார் ஓட்டிக்கொண்டிருந்தவர் வலப்பக்கம் திருப்பினார். பக்கத்தில் இருந்தவர் ஏன் என்று கேட்கவில்லை. உப்பங்கழியின் மேல் சாலை போகும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி இருவரும் இறங்கினோம். தண்ணீரில் தொலைவில் பூநாரைகள் சில ஒற்றைக் காலில் நின்றன. வடகிழக்குப் பருவமழை கழிந்த பின் இக்கழிகளுக்கும் பள்ளிக்கரணைக்கும் அவை வருவது வழக்கம். நாங்கள் கண்டது அதுவே முதல் முறை. அவை ஆண்டுதோறும் இருபத்தைந்து கல் தொலைவில் வந்து நின்றிருக்கின்றன, நாங்கள்தான் போனதில்லை.

கோவளத்துக்கும் கோவலனுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்று மாணவர் எவரேனும் ஆண்டுக்கு ஒரு முறை கேட்பது உண்டு. ளகரமும் லகரமும் ஒன்றாகிவிட்ட தலைமுறையின் ஐயம் அது. தொடர்பு இல்லை. இந்தக் கோவளம் ஆற்காட்டு நவாபு காலத்துத் துறைமுகம். இங்கிருந்த கோட்டையை 1752இல் இராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். இன்று கோட்டை இல்லை. தமீம் அன்சாரி தர்காவும் மாதா கோயிலும் மீனவர் குப்பமும் அலைச்சறுக்குப் பலகைகளோடு திரியும் இளைஞரும் இருக்கிறார்கள். 2021இல் இக்கடற்கரைக்குத் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அதற்கென்று வேலி கட்டிய பகுதிக்குள் மூங்கில் குடைகளும் நாற்காலிகளும் உண்டு. நாங்கள் வேலிக்கு வெளியேதான் நடந்தோம். மருத்துவமனைக்கென்று உடுத்திய உடை; கையில் மாற்றுத்துணி இல்லை. கோப்பு பின் இருக்கையில் கிடந்தது.

தொல்காப்பியர் முன்பனியைக் குறிஞ்சிக்குக் கொடுத்திருக்கிறார். மார்கழி, தை மாதத்துக் குளிர் மலையில் கூடியிருப்பவர்க்கு உரியது. நெய்தலுக்கு அவர் கொடுத்த சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். காலை பத்து மணிக்கு, முன்பனியில், நெய்தல் நிலத்தில் தம்பதியராக நடந்துகொண்டிருந்த நாங்கள் எந்தச் சட்டகத்திலும் பொருந்தவில்லை. திணை மயங்குவதை அவரும் விலக்கவில்லை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம். உண்மையில் சிரித்தவர் ஒருவர்தான். இத்தகைய வேடிக்கைகளை மற்றவர் பதினேழு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்.

சிரிப்பு நூறடிதான் நீடித்தது. அடும்புக்கொடி படர்ந்த மணல் மேட்டுக்குக் கீழே ஓர் ஆமை செத்துக் கிடந்தது. அந்த மாதம் சென்னையை ஒட்டிய கரையெங்கும் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இப்படி ஒதுங்கியதை நாளிதழில் படித்திருந்தோம். படித்ததற்கும் பார்த்ததற்கும் உள்ள தூரம் பெரிது. கழுத்து உப்பி, கண்கள் வெளியே தள்ளியிருந்தன. சற்றுத் தள்ளி ஒருவர் குழி வெட்டிக்கொண்டிருந்தார். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே விளக்கினார்: "மூச்சு விட மேல வந்தாகணுங்க அதுக்கு. இழுவை வலையில மாட்டினா வர முடியாது. போன வாரம் ஒண்ண அறுத்துப் பாத்தாங்க. உள்ள பூரா முட்டை."

அகநானூற்றின் 160ஆம் பாட்டில் ஓர் ஆமை வருகிறது. நிறைசூலோடு வந்து, அடும்புக்கொடி சிதையும்படி மணலைத் தோண்டி முட்டையிட்டு மறைத்துவிட்டுப் போகிறது. குஞ்சு வெளிவரும் வரை கணவன் ஆமை காவல் இருக்கிறது என்கிறார் புலவர். வகுப்பில் இதை நடத்தும்போது ஒரு விலங்கியல் செய்தியையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்: ஆண் ஆமை கரைக்கு வருவதே இல்லை. தாய் ஆமையும் முட்டையை மூடியபின் திரும்பிப் பார்ப்பதில்லை. மணலின் சூடுதான் அடைகாக்கிறது. ஏறத்தாழ ஏழு வாரத்தில் குஞ்சுகள் தாமாகவே வெளியேறிக் கடலைத் தேடிப் போகின்றன. புலவர் கண்டு எழுதியது முட்டையிடும் ஆமையை. காவல் இருக்கும் கணவன் அவருடைய ஆசை. மாணவர் சிரிப்பார்கள். அன்று காலை இந்தப் பாட்டை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கி, கணவன் ஆமை வரும் இடத்தில் நிறுத்திக்கொள்ள நேர்ந்தது.

படகொன்றின் நிழலில் அமர்ந்தோம். வாடைக்காற்று மணலை முழங்கால் உயரத்துக்குக் கிளப்பிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவர் கேட்டார்:

"ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணணும். இன்னொரு நாள் வரோம்னு சொல்லவா, வரலைன்னு சொல்லவா?"

மற்றவர், "உன் இஷ்டம்" என்றார்.

"எப்பக் கேட்டாலும் என் இஷ்டம். உங்களுக்குன்னு ஒண்ணு கிடையாதா?"

'உன் இஷ்டம்' என்பது பெருந்தன்மைபோல் தோற்றமளிக்கும் சொல். முடிவின் சுமையை முழுவதும் எதிரில் இருப்பவர் தலையில் ஏற்றிவிட்டு, நாளை அது தவறானால் 'நீதானே சொன்னாய்' என்று விலகிக்கொள்ளவும் அதில் இடம் இருக்கிறது. மூன்று முறையும் இந்தச் சொல்தான் சொல்லப்பட்டது. அன்றுதான் அதற்குக் கணக்குக் கேட்கப்பட்டது. அரை மணி நேரம் நாங்கள் பேசவில்லை.

கானல்வரியை இருபது ஆண்டுகளாக நடத்திவரும் ஒருவர் வீட்டிலேயே இது நிகழ்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்திரவிழா முடிந்து கடலாட வந்த கோவலனும் மாதவியும் யாழை வைத்துக்கொண்டு மாறி மாறிப் பாடுகிறார்கள். அவன் பாட்டில் வேறொருத்தி இருப்பதாக அவளும், அவள் பாட்டில் வேறொருவன் இருப்பதாக அவனும் எண்ணிக்கொள்கிறார்கள். நேரே ஒரு கேள்வி, ஒரு விடை இருந்திருந்தால் காப்பியம் அந்தக் கரையிலேயே முடிந்திருக்கும். ஊழ் யாழில் வந்து உருத்தது என்று உரையாசிரியர் வழி நின்று விளக்கிவிட்டு அடுத்த காதைக்குப் போய்விடுவது எளிது.

கேளிக்கைப் பூங்காவுக்குப் போகலாம் என்று சொன்னவர் யார் என்பது இப்போது நினைவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தபோது விளம்பரப் பலகை தெரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது மேல் என்று இருவருக்கும் தோன்றியிருக்கலாம். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில், "குழந்தைகள் எத்தனை?" என்றார்கள். இல்லை என்றோம். சீட்டு கொடுத்தவர் எங்களைத் தாண்டிப் பின்னால் ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

வேலை நாள் என்பதால் கூட்டம் குறைவு. சீருடை அணிந்த பள்ளிப் பிள்ளைகள் மட்டும் இரண்டு பேருந்து நிறைய வந்திருந்தார்கள். ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு ராட்டினத்துக்கு முன்னும் பின்னும் தலை எண்ணிக்கொண்டிருந்தார். ரோலர் கோஸ்டரின் வாயிலில் உயரம் அளக்கும் பலகை இருந்தது. அதன் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றுவிட்ட ஒரு சிறுமியைக் காவலர் திருப்பி அனுப்பினார். அவள் அழவில்லை. கோபத்தோடு வந்து, நாங்கள் உட்கார்ந்திருந்த பலகையின் ஓரத்தில் அமர்ந்தாள். "மேடம், கொஞ்சம் பாத்துக்கிறீங்களா, இதோ வந்துடறேன்" என்று ஆசிரியை வரிசையோடு உள்ளே போனார்.

"அடுத்த வருஷம் நான் வளந்துடுவேன்" என்றாள் சிறுமி, எங்களிடமா காவலரிடமா என்று தெரியாதபடி. பையிலிருந்து முறுக்கை எடுத்து எங்களுக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள். பிறகு, "ஆன்ட்டி, உங்க பசங்க மேல ஏறிட்டாங்களா?" என்று கேட்டாள்.

எங்களில் ஒருவர் "இல்லை" என்றார். அதே நொடியில் மற்றவர் "இன்னும் வரலை" என்றார்.

யார் எதைச் சொன்னார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சிறுமிக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு முறுக்கைத் தொடர்ந்தாள். நாங்கள்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பதினேழு ஆண்டுகளில் முதல் முறையாக இருவரும் தனித்தனியே, உன் இஷ்டம் என்று ஒதுங்காமல் விடை சொல்லியிருந்தோம்.

ஆசிரியை திரும்பி வந்ததும் நாங்களும் ஏறினோம். ரோலர் கோஸ்டர் குளிர்காலத்தின் பிள்ளை என்பதை எங்கோ படித்த நினைவு. 18ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க்கில் உயரமாக மரச்சாரம் கட்டி, சரிவில் நீர் ஊற்றி உறையவைத்துச் சறுக்குவார்கள். பிரெஞ்சுக்காரர் இன்றும் இந்த ராட்டினத்தை 'ரஷ்ய மலைகள்' என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ரஷ்யர் அதை 'அமெரிக்க மலைகள்' என்கிறார்கள். முதல் ஏற்றத்துக்கு மட்டுமே சங்கிலி இழுக்கிறது. உச்சியில் விட்டபின் வண்டிக்கு எந்திரம் இல்லை, தன் எடையாலேயே இறங்கியும் ஏறியும் ஓடுகிறது. இதையெல்லாம் சங்கிலி கடகடக்க ஏறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் கையைப் பிடித்து, "கொஞ்சம் வாய மூடுங்க" என்பார். என்றார். உச்சியில் ஒரு கணம் கடல் தெரிந்தது. அப்புறம் நாங்கள் இருவரும் அலறியது, கீழே கையசைத்துக்கொண்டிருந்த சிறுமிக்குக் கேட்டிருக்கும். மருத்துவமனைகளில் மூன்று முறையும் அழாதிருந்தவர்கள் நாங்கள். இறங்கி வரும்போது இருவர் கண்ணிலும் நீர். காற்று என்று சொல்லிக்கொண்டோம்.

வரும் வழியில், கேளம்பாக்கம் தேநீர்க்கடையில், வங்கிக்காரர் சொன்னார்: "நம்ம ரெண்டு பேர் வயசையும் கூட்டினா எண்பத்தெட்டு."

தத்தெடுப்புக்கான 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளை அவர் முன்பே தனியாகப் படித்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. தம்பதியரின் வயதுகளைக் கூட்டிப் பார்க்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக்கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு 90. நான்கு முதல் எட்டு வரை 100. முதல் கோட்டை நாங்கள் 2023இல், இது தெரியாமலே தாண்டியிருந்தோம். தனி மனிதருக்கு வயது ஆண்டுக்கு ஒன்று கூடுகிறது, தம்பதியருக்கு இரண்டு. செயற்கைக் கருத்தரிப்புக்கோ 2021ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு ஐம்பது வயது வரை இடம் கொடுக்கிறது. அந்தக் கதவு மூடவில்லை. அதை நாங்களே சாத்த வேண்டியிருந்தது.

"ரெண்டு வயசுக் குழந்தைன்னா பேச ஆரம்பிச்சிருக்கும்" என்றார் ஒருவர். "நல்லதுதானே" என்றார் மற்றவர். அங்கேயே, தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, மருத்துவமனைக்குத் தொலைபேசினோம். மறுமுனையில் இருந்த பெண் காரணம் கேட்கவில்லை. அடுத்த மாதம் தேதி வேண்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றோம்.

பதிவு செய்ய உட்கார்ந்தது மார்ச்சில். வருமானச் சான்று, மருத்துவச் சான்று, திருமணப் பதிவு எல்லாம் இருந்தன. தம்பதியரின் அண்மைய புகைப்படம் ஒன்றும் கேட்டிருந்தார்கள். வீட்டைப் புரட்டிப் பார்த்ததில் கடந்த எட்டு ஆண்டுகளில் நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. ரோலர் கோஸ்டர் இறங்கும்போது பூங்காவின் படக்கருவி தானாக எடுத்து, வெளியேறும் இடத்தில் காசுக்கு விற்ற படம். ஒருவருக்குக் கண்கள் இறுக மூடியிருக்கின்றன. மற்றவருக்கு வாய் கன்னம் வரை திறந்திருக்கிறது. அரசாங்கத்துக்கு அனுப்பத் தக்கதாக இல்லை. கடைத்தெருவில் உள்ள ஸ்டுடியோவுக்குப் போய் நீலத் திரைக்கு முன் தோளோடு தோள் ஒட்டி நின்று வேறொன்று எடுத்துக்கொண்டோம். பழைய படம் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது.